நச்சுக்குப் பக்கத்தில் முறி: பாக்டீரியா ஜீனோமில் நச்சு நொதிகளைத் தேடும் முறை

தன் செல்லுக்குள்ளேயே ஒரு நச்சு நொதியைத் தயாரிக்கிற பாக்டீரியா, அதற்கான நச்சுமுறியையும் கூடவே தயாரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் முதலில் சாவது அதுவேதான். இந்தக் கட்டாயத்தால் நச்சு மரபணுவும் முறி மரபணுவும் ஜீனோமில் ஒட்டி ஒட்டியே உட்கார்ந்திருக்கும். கணினியில் நாம் தேடப்போவது அந்த ஒட்டுறவைத்தான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பிளாஸ்ட் (ஒத்த வரிசைகளைத் தேடும் மென்பொருள்) முடிவில் வரும் பெயரை நம்பி ஏமாறுகிறார்கள். பெயரைவிட அக்கம்பக்கம் நம்பகமானது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இங்கே சொல்லப்படும் முறை இரண்டாம் வகை நச்சு–முறி இணைகளுக்கானது. அதாவது நச்சும் புரதம், முறியும் புரதம். ஈ. கோலையின் எஃப் பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம்) உள்ள சிசிடி இணை 1983இல் விவரிக்கப்பட்டதிலிருந்து இந்தத் துறை வளர்ந்து வருகிறது. காலரா நச்சு போல மனித செல்லைத் தாக்கும் நச்சுகள் வேறு கதை. அவற்றுக்குப் பக்கத்தில் முறி இருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை, ஆய்வக விதிகளும் வேறு. அவை இந்த வழிகாட்டியில் வராது.

என்னென்ன வேண்டும்

லினக்ஸ் கணினி, அல்லது விண்டோஸுக்குள் லினக்ஸ். 8 ஜிபி நினைவகம் போதும், 16 இருந்தால் நிம்மதி. மென்பொருள்களைக் கோண்டா வழியாக, பயோகோண்டா சேனலிலிருந்து நிறுவுங்கள்: ஹெச்எம்மர் (புரதக் குடும்பங்களைத் தேட), பிளாஸ்ட், புரோடிகல் (மரபணுக்களைக் குறிக்க), மாஃப்ட் (வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்த), சிடி-ஹிட் (ஒத்தவற்றைக் கூட்டாக்க), பெட்டூல்ஸ் (இட எண்களைக் கையாள), வரிசைகளைக் கண்ணால் பார்க்க ஜால்வியூ. எல்லாவற்றையும் ஒரே சூழலில் கொட்டாமல் இந்த வேலைக்கென்று தனிச் சூழல் திறந்துகொள்ளுங்கள். கொஞ்சம் பைத்தான் தெரிந்திருந்தால் நல்லது. வடிவக் கணிப்புக்கு உங்கள் கணினியில் ஜிபியு தேவையில்லை, ஆல்ஃபாஃபோல்டை ஓட்டித்தரும் கோலாப்ஃபோல்டு இணையத்திலேயே ஓடும்.

முதலில் தெரிந்த ஜீனோமில் ஓட்டுங்கள்

புதிய ஜீனோமைத் தொடுவதற்கு முன், விடை தெரிந்த இரண்டு ஜீனோம்களில் உங்கள் முறையை ஓட்டிப் பாருங்கள். ஒன்று ஈ. கோலை கே-12 எம்ஜி1655. இதன் நீளம் 46,41,652 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்), வரிசை வெளியானது 1997இல். மேஸ்ஈஎஃப், ரெல்பிஈ, யோஈபி, ஹிக்ஏபி, எம்க்யூஎஸ்ஆர், ஹிப்பிஏ என்று நன்றாக ஆராயப்பட்ட இணைகள் இதில் உண்டு. இன்னொன்று காசநோய்க் கிருமியின் ஹெச்37ஆர்வி. நீளம் சுமார் 44 லட்சம் காரங்கள், வெளியானது 1998இல். இதில் மட்டும் 80க்கு மேற்பட்ட நச்சு–முறி இணைகள், அவற்றுள் ஏறத்தாழ 50 வாப்பிசி (முறி வாப்பி, நச்சு வாப்சி) குடும்பம்.

இரண்டும் ஏன் வேண்டும் என்றால், கே-12இல் வாப்பிசி இணை கிடையாது. அதை மட்டும் வைத்துச் சோதித்தால், உங்கள் முறை வாப்சி நச்சைப் பிடிக்கிறதா என்பது தெரியவே தெரியாது. மறுபுறம் அதே கே-12இல் வாப்பிசி இணைகள் ஏழெட்டு வந்து நின்றால், உங்கள் வரம்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஜீனோம் ஒரு பக்கம் எதிர்மறைச் சோதனையாகவும் பயன்படுகிறது.

கோப்புகள்: தவறு தொடங்குமிடம்

என்சிபிஐயின் ரெஃப்சீக் தொகுப்பிலிருந்து ஒவ்வொரு ஜீனோமுக்கும் மூன்று கோப்புகளை இறக்குங்கள்: டிஎன்ஏ வரிசை, புரத வரிசைகள், மரபணுக்களின் இடம் சொல்லும் ஜிஎஃப்எஃப். மூன்றும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஜீனோம் எண்ணில் புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கம்தான் பதிப்பு. அது மாறினால் இட எண்களும் மாறிவிடக்கூடும்.

ரெஃப்சீக் புரத எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே வரிசை கொண்ட புரதம் ஜீனோமில் மூன்று இடத்தில் இருந்தாலும் அதற்கு ஒரே எண்தான். அந்த எண்ணைச் சாவியாக வைத்து அட்டவணை போட்டால், மூன்று இணைகளில் இரண்டு சத்தமில்லாமல் மறைந்துபோகும். சாவியாக எப்போதும் லோகஸ் டேக்கை (ஒவ்வொரு மரபணுவுக்கும் உள்ள தனி அடையாள எண்) எடுங்கள். ஜிஎஃப்எஃப்பில் ஒரே மரபணுவுக்கு 'ஜீன்' என்று ஒரு வரி, 'சிடிஎஸ்' (புரதமாக மொழிபெயர்க்கப்படும் பகுதி) என்று ஒரு வரி வரும். சிடிஎஸ் வரிகளை மட்டும் எடுங்கள். சிதைந்த மரபணுக்களுக்குப் புரத எண் இருக்காது. அவற்றைத் தூக்கி எறியாமல் ஓரமாக வையுங்கள், பிறகு தேவைப்படும்.

உங்களுடையது புதிதாக வரிசைப்படுத்திய ஜீனோம் என்றால் முதலில் ஜீனோமின் தரம் பார்க்கும் செக்எம்2 ஓட்டி, முழுமை 95 சதவீதத்துக்கு மேலும் கலப்படம் 5க்குக் கீழும் இருக்கிறதா என்று பாருங்கள். துண்டு துண்டான அசெம்பிளியில் நச்சு ஒரு துண்டின் ஓரத்திலும் முறி இன்னொரு துண்டின் ஓரத்திலும் போய் நிற்கும். நானோபோர் வரிசை மட்டுமே உள்ள ஜீனோமில், ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் ஒன்று கூடியோ குறைந்தோ போய், நல்ல நச்சு மரபணு பாதியில் முடிந்ததுபோல் தெரியும்.

மரபணுக்களைக் குறிக்கப் புரோடிகல் போதும். ஆனால் நம் இலக்கு சின்ன மரபணுக்கள் என்பதை மறக்கக் கூடாது. நச்சுகள் பெரும்பாலும் 90 முதல் 150 அமினோ அமிலங்கள், முறிகள் 60 முதல் 100. புரோடிகல் 90 காரங்களுக்குக் குறைவானதைப் பார்ப்பதே இல்லை. 250 காரங்களுக்குக் கீழே உள்ளவற்றுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கும், ஆகவே தவறவிடப்படுவது அதிகமும் முறிகள்தான். தனிப் பிளாஸ்மிடை மட்டும் கொடுத்தால் இன்னொரு சிக்கல் வரும்: 20,000 காரங்களுக்குக் குறைவான வரிசையில் அதனால் பயிற்சி எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே 'மெட்டா' முறையில் ஓட்டுங்கள்.

தொடக்கக் குறியீடும் கவனிக்க வேண்டியது. காசநோய்க் கிருமியின் மரபணுக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் ஏடிஜிக்குப் பதிலாக ஜிடிஜியில் தொடங்குகின்றன. ஜிசி அதிகமுள்ள இப்படிப்பட்ட ஜீனோம்களில் தொடக்கம் 20, 30 அமினோ அமிலம் தள்ளிக் குறிக்கப்பட்டிருப்பது சகஜம். அதனால் நச்சின் முனையிலுள்ள வினை அமினோ அமிலமே காணாமல் போகும், இல்லாத இடைவெளியும் முளைக்கும்.

புரோஃபைல் தேடல்

தனி வரிசையை வைத்து பிளாஸ்ட் தேடுவது நச்சுகளுக்கு அவ்வளவாக எடுபடாது. ஒரே குடும்ப நச்சுகளுக்குள்ளேயே ஒற்றுமை 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும், நீளமும் குறைவு. குடும்பம் முழுவதையும் சுருக்கிவைத்த புரோஃபைலை வைத்து ஹெச்எம்மரில் தேடுங்கள். புரதக் குடும்பங்களின் தொகுப்பான பிஃபாம் இப்போது இன்டர்புரோ தளத்துக்குள் இருக்கிறது. அங்கே இவற்றை இறக்கினால் தொடங்கிவிடலாம்: வாப்சி நச்சுகளில் உள்ள பின் (PIN) டொமைன் (டொமைன் என்பது புரதத்தில் தனியாக மடியும் பகுதி) பிஎஃப்01850, மேஸ்எஃப் குடும்பம் பிஎஃப்02452, ரெல்ஈ/பார்ஈ குடும்பம் பிஎஃப்05016, ஃபிக் பிஎஃப்02661, ஹிப்ஏ பிஎஃப்07804, ஹிக்ஏ பிஎஃப்07927. முறிகளுக்கு பிஎஃப்02604, பிஎஃப்01402, பிஎஃப்04014, பிஎஃப்04221.

'ஹெச்எம்எம்சர்ச்' கட்டளையில் 'கட்_ஜிஏ' தெரிவைச் சேர்த்தால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிஃபாம் தொகுப்பாளர்கள் நிர்ணயித்த வரம்பு பயன்படும். முதல் சுற்றுக்கு அதுவே சரி. முடிவை 'டாம்டிபிஎல்அவுட்' வடிவில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நான்காயிரம் புரதங்களில் பத்துப் புரோஃபைல்களைத் தேட, சாதாரண மடிக்கணினியிலேயே சில விநாடிதான்.

முடிவைப் படிக்கும்போது மூன்று நெடுவரிசைகளைப் பாருங்கள். முதலாவது மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் உள்ள 'பயஸ்'. அது மதிப்பெண்ணுக்கு நெருக்கமாக இருந்தால், பொருந்தியது குடும்ப அடையாளம் இல்லை, ஒரே வகை அமினோ அமிலங்கள் குவிந்து கிடப்பதுதான். அடுத்து, புரோஃபைலில் எங்கிருந்து எங்குவரை பொருந்தியது என்பது. 70 சதவீத நீளமாவது பொருந்தாதவற்றைத் தனியே வையுங்கள். கடைசியாக ஈ-மதிப்பு. இது டேட்டாபேஸின் அளவைப் பொறுத்தது: நான்காயிரம் புரதங்களில் 0.001 வாங்கிய அதே பொருத்தம், 40 லட்சம் புரதங்களில் 1 ஆகிவிடும். வெவ்வேறு அளவுள்ள ஜீனோம்களை ஒப்பிடும்போது 'இசட்' தெரிவில் ஒரே எண்ணைக் கொடுத்துவிடுங்கள், அல்லது பிட் மதிப்பெண்ணையே ஒப்பிடுங்கள். இன்னொன்று: 'ஹெச்எம்எம்ஸ்கேன்' பயன்படுத்தினால் இலக்கு, வினவல் நெடுவரிசைகள் இடம் மாறிவிடும். பழைய ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டி, புரோஃபைல் நீளத்துக்குப் பதில் புரத நீளத்தால் வகுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

தூரத்து உறவினர்களைத் தேட ஜாக்ஹெச்எம்மர் உண்டு. மூன்று சுற்றுக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக உள்ளே வந்தவர்கள் யார் என்று பாருங்கள். இரண்டு டொமைன் உள்ள ஒரு புரதம் உள்ளே நுழைந்தால் போதும், அடுத்த சுற்றில் அதன் மறுபாதிக்குச் சொந்தக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்துவிடுவார்கள். நச்சு டொமைனை மட்டும் வெட்டி எடுத்துத் தேடினால் இந்தத் தொல்லை குறையும்.

அக்கம்பக்கம்

இதுவரை கிடைத்தது வெறும் பெயர்ப்பட்டியல். அதில் பாதி குப்பையாக இருக்கலாம். வடிகட்டும் வேலை இனிமேல்தான்.

நச்சு என்று சந்தேகிக்கும் ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னும் பின்னும் உள்ள மரபணுக்களை ஜிஎஃப்எஃப்பிலிருந்து எடுங்கள். கேள்விகள் மூன்று: இரண்டும் ஒரே இழையில் இருக்கின்றனவா? இடைவெளி எவ்வளவு? பக்கத்தில் இருப்பது 150 அமினோ அமிலத்துக்குக் குறைவானதா? இடைவெளி என்பது இரண்டாவதன் தொடக்கம் கழித்தல் முதலாவதன் முடிவு கழித்தல் ஒன்று. நச்சு–முறி இணைகளில் மைனஸ் நான்கு மிகவும் சாதாரணம். ஏடிஜிஏ என்ற நான்கு எழுத்துக்குள் அடுத்த மரபணுவின் ஏடிஜியும் முந்தையதன் டிஜிஏவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். தொடக்கத்தில் மைனஸ் 20 முதல் பிளஸ் 50 வரை வைத்துக்கொள்ளுங்கள். விடை தெரிந்த ஜீனோமில் இணை ஏதும் தவறினால் மட்டும் தளர்த்துங்கள். மைனஸ் இழையில் 'முதல்' மரபணு பெரிய இட எண் உள்ளது என்பதை மறந்தால் எல்லாமே தலைகீழாகும். ஜிஎஃப்எஃப் ஒன்றிலிருந்து எண்ணும், பெட் கோப்பு பூச்சியத்திலிருந்து எண்ணும். மைனஸ் நான்கு மைனஸ் ஐந்தாகத் தெரிந்தால் காரணம் அதுதான்.

வழக்கமான வரிசை முறி முன்னால், நச்சு பின்னால். முறி முதலில் தயாராக வேண்டும் என்பதற்கு இது பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் ஹிக்பிஏ (HigBA), ஹிக்ஏபி (HicAB), எம்க்யூஎஸ்ஆர் ஆகியவற்றில் நச்சு முன்னால் வரும். ஆகவே முன்பக்கத்தை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள்.

பக்கத்தில் யாருமே இல்லை என்றால் உடனே கைவிட வேண்டாம். இருபுறமும் 500 காரங்களை வெட்டி, ஆறு சட்டகத்திலும் மொழிபெயர்த்து, 40 அமினோ அமிலத்துக்கு மேல் நீளும் திறந்த சட்டகங்களை முறிப் புரோஃபைல்களுடன் ஒப்பிடுங்கள். தொடக்கத்துக்கு முன்னால் ரைபோசோம் ஒட்டும் ஏஜிஜிஏஜிஜி போன்ற வரிசை இருந்தால் நம்பிக்கை கூடும். காசநோய்க் கிருமியில் அது இல்லாததை வைத்துத் தள்ளிவிட முடியாது. அங்கே கணிசமான எம்-ஆர்என்ஏக்கள் முன்பகுதியே இல்லாமல் நேரே தொடக்கக் குறியீட்டில் ஆரம்பிக்கின்றன.

அக்கம்பக்கத்தின் மதிப்பு ஜிஎன்ஏடி குடும்பத்தில் நன்றாகத் தெரியும். அசிட்டைல் தொகுதியை இடம் மாற்றும் இந்த நொதிகள் பல பாக்டீரியாக்களில் டஜன் கணக்கில் உண்டு, பெரும்பாலானவை அன்றாட வேலைக்காரர்கள். சால்மொனெல்லாவின் டேக்டி என்ற நச்சு இந்தக் குடும்பம்தான். அது அமினோ அமிலம் ஏற்றிய டி-ஆர்என்ஏவை முடக்குகிறது. புரோஃபைலை மட்டும் பார்த்தால் கூட்டத்திலிருந்து அதைப் பிரிக்கவே முடியாது. பக்கத்தில் டிஎன்ஏவைப் பிடிக்கும் சின்ன முறி ஒட்டி நிற்பதைப் பார்த்தால் உடனே பிடிபடும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய டேட்டாபேஸ்களில் வாப்சி நச்சுகள் பல 'பில்டி, இழுவை இயக்கப் புரதம்' என்று பதிவாகியிருக்கின்றன. பின் டொமைனுக்கு அந்தப் பெயர் வந்ததே பில்டி புரதத்தின் முன்முனையிலிருந்துதான். பெயர் டொமைனோடு ஒட்டிக்கொண்டு ஜீனோம் ஜீனோமாகப் பரவிவிட்டது. 'பிளாஸ்மிட் நிலைப்புப் புரதம்', 'டெத் ஆன் க்யூரிங்' என்று வருபவையும் நம் ஆட்களே. எதிர்த்திசையில், 'நச்சுமுறி' என்று பதிவான பல, எந்த நச்சும் அருகில் இல்லாத சாதாரண மரபணு ஒழுங்குபடுத்திகள்.

இந்த வடிகட்டலைத் தாண்டியவற்றை மற்ற ஜீனோம்களிலும் பாருங்கள். அதே இணை பத்து வெவ்வேறு இனங்களில், சுற்றியுள்ள மரபணுக்கள் மாறினாலும் பிரியாமல் சேர்ந்தே இருந்தால் சான்று வலுவானது. ஒரே இனத்தின் நூறு ஜீனோம்கள் நூறு சான்றுகள் ஆகா. ஆகவே முதலில் சிடி-ஹிட்டில் 90 சதவீத ஒற்றுமையில் கூட்டாக்கிக்கொள்ளுங்கள். 40 சதவீதத்துக்கு இறங்கினால் சொல் நீளத்தை 2 என்று மாற்றாமல் அது ஓடாது.

வினையிடம்

கூட்டத்துக்கு ஒன்றாக எடுத்த வரிசைகளை மாஃப்டின் எல்-இன்ஸ்-ஐ முறையில் வரிசைப்படுத்தி ஜால்வியூவில் திறந்து பாருங்கள். 200 வரிசை வரை இந்த முறை வசதி. பின் டொமைனில் மெக்னீசியத்தைப் பிடிக்கும் அமில அமினோ அமிலங்கள், மூன்று அல்லது நான்கு, வரிசை முழுவதும் தூண்போல நிற்க வேண்டும். உங்கள் புரதத்தில் அந்த இடத்தில் அலனின் இருந்தால் அது செத்த நச்சாக இருக்கலாம். தூண் ஓரிரு இடம் விலகி நின்றால் வரிசைப்படுத்தல் பிழையா என்று கையால் நகர்த்திப் பாருங்கள்.

ஃபிக் குடும்பத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதன் அடையாளத் துண்டில் ஹிஸ்டிடின் கட்டாயம், பின்னால் கிளைசின்–அஸ்பராஜின்–கிளைசின்–அர்ஜினின் வரும். இவை பெரும்பாலும் இலக்குப் புரதத்தில் ஏஎம்பியை ஒட்டும். டாக் நச்சில் அந்த இடத்தில் அஸ்பராஜின்–லைசின்–அர்ஜினின் வருகிறது. இந்தச் சின்ன மாற்றத்தோடு அதன் வேலையும் மாறி, ஈஎஃப்-டியு என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பிஃபாம் இரண்டையும் ஒரே பெயரில்தான் தரும்.

வடிவம் எதுவரை சொல்லும்

ஆல்ஃபாஃபோல்டில் முதலில் நச்சை மட்டும் கணியுங்கள். பிஎல்டிடிடி (கணித்த வடிவம் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நம்பகம் என்பதன் அளவு) மதிப்பு 90க்கு மேல் மிக நல்லது, 70க்கு மேல் நம்பலாம், 50க்குக் கீழ் பெரும்பாலும் வடிவமற்ற இழை. முறியைத் தனியாகக் கணித்தால் அதன் பின்முனை படுமோசமான மதிப்பு வாங்கும். பயப்பட வேண்டாம், பல முறிகளின் பின்முனை இயல்பிலேயே வடிவமற்றது. நச்சைச் சுற்றிக்கொள்ளும்போதுதான் அது மடிகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே ஒருமுறை கணியுங்கள். அந்தப் பின்முனை இப்போது மடிந்து நச்சின் வினைப்பள்ளத்தை அடைத்து நின்று, ஐபிடிஎம் (இரு புரதங்கள் இணையும் விதத்தின் நம்பக அளவு) 0.8க்கு மேல் வந்தால் நல்ல அறிகுறி. 0.6க்குக் கீழ் என்றால் அந்த இணைப்பை நம்ப வேண்டாம். கூடவே தொடர்பில்லாத வேறொரு முறியைக் கொடுத்தும் கணித்துப் பாருங்கள். அதற்கும் 0.8 வந்தால் உங்கள் 0.8க்கு மதிப்பு குறைவு.

பிறகு அந்த வடிவத்தை ஃபோல்டுசீக்கில் தேடுங்கள். வரிசையில் எந்த ஒற்றுமையும் தெரியாதபோதும் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். டிஎம் மதிப்பெண் 0.5க்கு மேல் என்றால் ஒரே மடிப்பு என்பது பொது விதி. நம்முடையவை சின்னப் புரதங்கள். சின்னதன் நீளத்தால் வகுத்த மதிப்பெண்ணைப் பார்த்தால், 80 அமினோ அமில முறி எந்தப் பெரிய புரதத்தின் மூலையிலும் பொருந்திவிடும். இரண்டு நீளங்களாலும் வகுத்த மதிப்பெண்களைப் பாருங்கள்.

மடிப்பு தெரிந்தவுடன் வேலையும் தெரிந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. மேஸ்எஃப், சிசிடிபி இரண்டும் ஒரே மடிப்பு. முன்னது ஏசிஏ என்ற இடத்தில் எம்-ஆர்என்ஏவை வெட்டும் நொதி, பின்னது எதையும் வெட்டாமல் டிஎன்ஏவின் முறுக்கைச் சீராக்கும் ஜைரேஸ் நொதியைச் சிக்கவைக்கிறது. ரெல்ஈ, பார்ஈ கதையும் அப்படியே: ஒன்று ரைபோசோமில் எம்-ஆர்என்ஏவை வெட்டும், மற்றது ஜைரேஸுக்கு எமன். ஒரே பின் மடிப்புள்ள வாப்சிகளுக்குள்ளேயே சால்மொனெல்லாவினுடையது தொடக்க டி-ஆர்என்ஏவை வெட்டுகிறது, காசநோய்க் கிருமியின் வாப்சி20 ரைபோசோமின் 23எஸ் ஆர்என்ஏவை வெட்டுகிறது. 'பின் குடும்ப ரைபோநியூக்ளியேஸாக இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

ஆய்வக மேசைக்கு அனுப்புமுன்

ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: லோகஸ் டேக், குடும்பம், பிட் மதிப்பெண், புரோஃபைல் பொருந்திய சதவீதம், முறியின் லோகஸ் டேக், இடைவெளி, வினை அமினோ அமிலங்கள் உள்ளனவா, எத்தனை இனங்களில் இணை பிரியாமல் இருக்கிறது, ஐபிடிஎம். எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்குவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. எந்தச் சான்று இல்லை என்பதுதான் முக்கியம், கூட்டுத்தொகை அதை மறைத்துவிடும்.

சோதனை எளியது. நச்சை அரபினோஸ் இயக்கும் பிபேட் பிளாஸ்மிடில் ஏற்றி, 0.2 சதவீத குளுக்கோஸில் அடக்கி வளர்த்து, 0.2 சதவீத அரபினோஸில் இயக்க வேண்டும். முறியைப் பொருந்தி வாழக்கூடிய வேறொரு பிளாஸ்மிடில் வைக்கலாம். வினை அஸ்பார்டிக் அமிலத்தை அஸ்பராஜினாக மாற்றிய நச்சு கட்டாயம் கூட இருக்க வேண்டும். எந்தப் புரதத்தையும் அளவுக்கு மீறித் தயாரித்தால் ஈ. கோலை வாடும் என்பதால், வினையிழந்த வடிவத்தில் செல் நன்றாக வளர்ந்தால்தான் முடிவுக்குப் பொருள் உண்டு. குளோன் செய்யும்போதே காலனிகள் அரிதாக வந்து, வந்தவற்றிலெல்லாம் நச்சில் ஏதாவது பிறழ்வு இருந்தால், சோதனை தொடங்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது. இதையே தலைகீழாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு: 2013இல் வெளியான ஓர் ஆய்வு, நூற்றுக்கணக்கான ஜீனோம்களின் பழைய வரிசைப்படுத்தல் தரவுகளில், பக்கத்து மரபணு கூட வந்தால் மட்டும் ஈ. கோலையில் குளோன் ஆகும் மரபணுக்களைத் தேடியே புதிய நச்சுக் குடும்பங்களைக் கண்டெடுத்தது.

இந்த நச்சு செல்லுக்கு எதற்கு உதவுகிறது என்ற கேள்விக்கு மேற்சொன்ன எதுவும் விடை தராது. ஈ. கோலையில் பத்து இணைகளை நீக்கியதும் ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கி உறங்கும் செல்கள் குறைந்தன என்று 2011இல் ஒரு கட்டுரை வந்தது. அந்த வகைகளில் ஃபை80 வைரஸ் தொற்றியிருந்தது பிறகு தெரியவந்து, 2018இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நீங்கள் நீக்கிய வகையையும் மூல வகையையும் முழுதாக வரிசைப்படுத்திப் பார்த்த பிறகே அந்தக் கேள்விக்குள் இறங்குங்கள்.